வாய் பாடட்டும், விரல் வரும்

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் கிட்டார் பழகும் எல்லோருக்கும்

அன்புள்ள தம்பி தங்கைகளே, பணி ஓய்வுக்குப் பிறகு ஆசையாகக் கிட்டாரைக் கையில் எடுத்திருக்கும் பெரியவர்களே,

தில்லைநகர் மாடி வகுப்புகள், கே.கே. நகர் வீடுகள், பாலக்கரை, மேலப்புதூர் ஆலயப் பாடகர் குழுக்கள், துவாக்குடி என்.ஐ.டி. விடுதியறைகள், ஸ்ரீரங்கத்து உத்திர வீதித் திண்ணைகள் என்று இந்த ஊரில் கிட்டார் பழகுகிறவர்கள் நிறையப் பேர். எங்கே பார்த்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, அடுத்து எதை வச்சுப் பழகலாம்? நல்ல புக் இருந்தா சொல்லுங்க, நல்ல சேனல் இருந்தா அனுப்புங்க.” ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே மடலாக எழுதுகிறேன்.

கேட்கிறவர்களின் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஏழெட்டு கார்ட் தெரியும். எஃப் கார்டுக்காக ஆட்காட்டி விரலைப் படுக்கப் போட்டால் இரண்டு தந்தி ஊமையாகிவிடும். ‘இளைய நிலா’வின் தொடக்கத்தை வாசித்தால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். அதற்கு மேல் மாதக்கணக்கில் நகரவில்லை. சரியான பாடம் கிடைக்காததால்தான் நகரவில்லை என்று நினைத்துக்கொண்டு கைப்பேசியில் வீடியோக்களைச் சேமித்தபடியே இருக்கிறீர்கள். சேமித்ததில் பத்தில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் பார்த்தவரையில், உங்கள் விரல் வரவேண்டிய தூரம் வந்துவிட்டது. காதுதான் இன்னும் புறப்படவில்லை. காதைப் பழக்க இந்தியாவிலேயே நல்ல ஊர்களில் ஒன்றில் இருந்துகொண்டு நீங்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். அதைத்தான் இந்த மடலில் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஆனாலும் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஒரே ஒருவர் போதும்: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஜஸ்டின் சாண்டர்கோ. ‘ஜஸ்டின் கிட்டார்’ என்ற பெயரில் அவர் தரும் அடிப்படைப் பாடங்கள் முழுவதும் இலவசம். படிப்படியாக வரிசைப்படுத்தியவை. அவர் சொல்லும் ஒரு சின்னப் பயிற்சியை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். இரண்டு கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள். அந்த எண் ஏறுவதைப் பார்க்கும்போது வரும் நம்பிக்கையை எந்த வீடியோவும் தராது. அவரைப் பிடிக்கவில்லையென்றால் வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவரோடு ஒரு வருடம் இருங்கள். வாரம் ஒரு ஆசிரியரிடம் போகிறவருக்கு எல்லோரிடமும் முதல் பாடம்தான் கிடைக்கும்.

புத்தகம் என்றால் பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியின் வில்லியம் லெவிட் எழுதிய ‘எ மாடர்ன் மெத்தட் ஃபார் கிட்டார்’, முதல் தொகுதி. 1966இல் வந்தது, இன்றும் அச்சில் இருக்கிறது. இதில் டேப் என்னும் எண்குறிப்பு கிடையாது, படம் போட்ட விரல்குறிகளும் குறைவு. முதல் பக்கத்திலிருந்தே ஐந்து கோட்டு இசைக்குறியீட்டைப் படிக்கவேண்டும். அதனால்தான் பலர் பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். மூடாதீர்கள். அதில் இரண்டு கிட்டார்களுக்கான பாடங்கள் நிறைய இருக்கின்றன. நண்பர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கினால் புத்தகம் கசக்காது.

வலக்கை விரல்களுக்கு இத்தாலியரான மௌரோ ஜூலியானியின் 120 பயிற்சிகள். 1812இல் வியன்னாவில் வெளியானவை. சி, ஜி7 என்று இரண்டே இரண்டு கார்டை வைத்துக்கொண்டு 120 விதமாகத் தந்தியை மீட்டச் சொல்கிறார். இடக்கைக்கு வேலையே இல்லாததால் கவனம் முழுவதும் வலக்கையில் நிற்கும். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நாளைக்கு இரண்டு பயிற்சி போதும். ‘இளைய நிலா’ போன்ற பாடல்களில் உங்கள் விரல் எங்கே சிக்குகிறது என்பது ஜூலியானியின் முதல் முப்பதுக்குள் தெரிந்துவிடும்.

இவ்வளவுதான். ஒரு ஆசிரியர், ஒரு புத்தகம், ஒரு பயிற்சித் தொகுப்பு. இதற்கு மேல் சேர்ப்பவை அலமாரிக்குத்தான் போகும்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கும் தடித்த தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரும்புத் தந்தி போட்ட சாதாரணக் கிட்டாரில் அது இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கவேண்டும். நான்கு, ஐந்து என்று இருந்தால் எஃப் கார்ட் வராததற்கு உங்கள் விரல் காரணமில்லை. பிரிட்ஜில் தந்தி உட்காரும் வெள்ளைத் துண்டை இழைத்து, கழுத்தின் வளைவையும் சரிபார்த்துக் கொடுக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். புதுக் கிட்டார் வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும். காவிரியும் கொள்ளிடமும் ஓடும் ஊர் இது. ஈரமும் வியர்வையும் தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள்.

இனி காதுக்கு வருகிறேன்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எப்படிக் கற்றார் என்று தெரியுமா? அவருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார். பாடியதைச் சிறுவன் ஸ்ரீநிவாஸ் தந்தியில் தேடிப்பிடிப்பான். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர யாரும் இல்லை. கர்நாடக இசையில் அதற்கு முன் யாரும் அப்படிக் கையாளாத ஒரு கருவியில், பார்த்துச் செய்ய முன்மாதிரியும் இல்லை. குரல் ஒன்றுதான் பாடப்புத்தகம். அதிலிருந்து வந்த வாசிப்பை உலகம் கேட்டது.

கிட்டாரிலும் அதே கதைதான். 1980களில் சென்னையில் மின்கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்தவர் சுகுமார் பிரசாத். அவருக்குப் பின் வந்தவர் ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர், பெர்க்லியில் மேற்கத்திய இசையும் படித்தவர். கர்நாடக இசையை அவர் கற்றவர்களில் ஒருவர் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி. குருவின் கையில் வில், சீடரின் கையில் பிக். விரல் நகர்வை அப்படியே பார்த்துக் காப்பியடிக்க வழியே இல்லை. ஒலி மட்டும்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்க முடியும்.

வயலினே அப்படி வந்ததுதானே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டை வட்டாரத்தில் ஒரு ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்தார். பிற்பாடு கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் லால்குடியில், வி.ஆர். கோபாலய்யர் வீட்டில் அது வாய்ப்பாட்டாகவே மாறிவிட்டது. அவர் மகன் லால்குடி ஜயராமன் வாசித்த ஒரு கீர்த்தனையைக் கேளுங்கள். சாகித்தியத்தின் சொல் எங்கே பிரிகிறதோ அங்கே வில்லும் பிரியும். அந்த லால்குடி உங்களுக்கு ஒரு டவுன் பஸ் தூரம். ‘கிட்டார் நம்ம ஊர்க் கருவி இல்லையே’ என்று இங்கே இருந்துகொண்டு யாரும் தயங்கவேண்டாம்.

அதனால் இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள். ஆறாவது தந்தியை, அதாவது தடித்த தந்தியை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தந்தி சட்ஜமம். கைப்பேசிச் சுருதிப் பெட்டியை அதே சுருதியில், ஈ-யில், போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரெட் 1, 4, 5, 7, 8, 11, 12. இதுதான் மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் காலத்திலிருந்து நம் பிள்ளைகள் சரளி வரிசை பாடத் தொடங்கும் ராகம். முதலில் ஒரு சுரத்தைப் பாடுங்கள், பிறகு வாசியுங்கள். ரிஷபத்தைப் பாடாமல் முதல் ஃபிரெட்டைத் தொடாதீர்கள். விரலை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் வையுங்கள். கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் தளர்வாக இருக்கட்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டு போங்கள். அதுதான் ஜாரு. குரல் எப்படிச் சறுக்கிப் போகிறதோ அப்படியே விரலும் போகட்டும். குரலில் வராத இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் வந்தபிறகு தொடருங்கள்.

‘எனக்குக் குரல் கிடையாதே’ என்பீர்கள். கச்சேரிக் குரல் யாருக்கு வேண்டும்? சுரம் சரியான இடத்தில் நின்றால் போதும், ஓசை கரகரப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாயாமாளவகௌளை பழகியபின் அதே தந்தியில் 2, 4, 5, 7, 9, 11, 12 போட்டால் சங்கராபரணம். மேற்கத்தியர் மேஜர் ஸ்கேல் என்பது இது. 2, 3, 5, 7, 8, 10, 12 நடபைரவி, அவர்களுடைய நேச்சுரல் மைனர். 2, 3, 5, 7, 9, 10, 12 கரகரப்பிரியா, அவர்கள் டோரியன் என்பார்கள். மோகனத்துக்கு ஐந்தே இடம்: 2, 4, 7, 9, 12. ‘மோட்ஸ் புரியவில்லை’ என்று ஆங்கில வீடியோக்களில் தலையை உடைத்துக்கொள்கிறீர்களே, அவற்றில் பெரும்பாலானவை உங்கள் பாட்டி முணுமுணுக்கும் பாட்டில் இருக்கின்றன. ஒரே தந்தியில் நீளவாட்டில் பழகினால், ஆறு தந்தியிலும் பெட்டி பெட்டியாக மனப்பாடம் செய்கிறவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மார்கழி அத்யயன உற்சவத்தில், இராப்பத்து நாள்களில், நம்பெருமாள் இரவு மூலஸ்தானம் திரும்பும்போது வீணை ஏகாந்தம் நடக்கிறது. பரம்பரையாக வாசித்துவருகிறவர்கள் வாசிக்கிறார்கள். மைக்கும் மேடையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். முடிந்தால் அருகில் நின்று இடக்கையைக் கவனியுங்கள். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதித்திருக்கும். வாசிப்பவர் ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே அடுத்தடுத்த சுரங்களை எடுத்துவிடுவார். விரல் அதே மெட்டில்தான் இருக்கும், சுரம் மட்டும் ஏறி இறங்கும். ராக் கிட்டாரில் நீங்கள் பெண்ட் என்று பழகுவதன் மூத்த அக்கா இது. மெல்லிய தந்தி போட்ட மின்கிட்டாரில் நீங்களும் இதை நன்றாகவே செய்யலாம். தடித்த தந்தி போட்ட அக்கூஸ்டிக்கில் அவ்வளவு இழுக்க முடியாது, ஜாருவைத்தான் நம்பவேண்டும். எந்தக் கருவியில் எது வரும் என்பதை வீணையைப் பார்த்தபிறகு நீங்களே முடிவுசெய்துவிடுவீர்கள்.

ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் வீணையே கற்றார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வீணை சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் எஸ். ராமநாதன். பிறகுதான் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழு பிறந்தது. இழுப்பதற்கு வசதியாக ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்த ஒரு கிட்டாரையும் அவர் தனியாகச் செய்துகொண்டார். அவ்வளவு தூரத்தில் ஒருவர் தேடிக் கற்றது நம் தெருவில் நடக்கிறது. நாம் அந்த நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்டிங் டுடோரியல் தேடவேண்டுமா?

தாளத்துக்கும் இந்த ஊரின் பெயரையே முதலில் சொல்வேன். திருச்சி சங்கரன், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர், 1971 முதல் டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். நம் தாள முறையை வெளிநாட்டு மாணவர்களுக்கும் புரியும்படி 1994இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். கிட்டார்க்காரர்கள் அதைப் படிப்பதில்லை, மிருதங்கக்காரர்களுக்கான புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் வாசிப்பின் பெரிய குறை கார்ட் இல்லை, காலப்பிரமாணம். பாட்டு சூடுபிடித்ததும் வேகம் ஏறிவிடுகிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் தடுமாறுகிறீர்கள்.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கையால் சீராகத் தட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் அட்சரத்துக்கும் அழுத்தம் கொடுங்கள். ஐந்து நிமிடம் விடாமல் சொன்னபிறகு கிட்டாரை எடுத்து, அழுத்தம் விழுந்த மூன்று இடங்களில் மட்டும் ஓங்கி மீட்டுங்கள். மற்ற ஐந்து இடங்களிலும் கை தந்தியைத் தொடாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கட்டும். எத்தனையோ சினிமாப் பாட்டுகளிலும் ஆங்கிலப் பாப் பாட்டுகளிலும் நீங்கள் ‘அந்த ஸ்ட்ரம்மிங் எப்படி’ என்று தேடியலைந்தது இதுதான். ‘டவுன் டவுன் அப்’ என்று அம்புக்குறி பார்த்துப் பழகியவர்கள் பாட்டு மாறினால் திணறுவார்கள். சொல்கட்டு வாயில் இருந்தால் எந்தப் பாட்டுக்கும் கை தானாக மாறிக்கொள்ளும். தகிட, தகதிமி, தகதகிட என்று மூன்று, நான்கு, ஐந்து அட்சரங்களைக் கலந்து சொல்லிப் பழகுங்கள். இப்படிச் சொல்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோலை இன்னும் ஆழமாகப் பார்க்க ஆசைப்பட்டால், மெக்லாஃப்லினும் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்து செய்த ‘தி கேட்வே டு ரிதம்’ என்ற காணொளிப் பாடம் இருக்கிறது. மிருதங்கம் பழகும் நண்பர் பக்கத்துத் தெருவில் இருந்தால் அதுகூட வேண்டாம்.

சினிமாப் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? நம்மில் பெரும்பாலோரைக் கிட்டார் பக்கம் இழுத்துவந்தவர் இளையராஜாதான். அவரே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், ட்ரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர். ‘இளைய நிலா’ 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இருக்கிறது. அதில் கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். அவர் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசித்தவரின் பெயர் தெரியாமல் அந்த வாசிப்பை வருடக்கணக்கில் பழகுவது முறையில்லை. பெயரைத் தெரிந்துகொள்வது மரியாதைக்கு மட்டும் இல்லை. அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று தேடிக் கேட்கத் தொடங்குவீர்கள், அதுவே ஒரு பாடம்.

அந்தப் பாட்டுக்கு நூறு டேப் கிடைக்கும். ஒன்றையும் திறக்காதீர்கள், குறைந்தது முதல் வாரம். பாட்டை முக்கால் வேகத்துக்குக் குறையுங்கள், சுருதி மாறாது. யூடியூபிலேயே அந்த வசதி இருக்கிறது, ஆடாசிட்டி மென்பொருளிலும் இலவசமாகச் செய்யலாம். முதலில் ஹம் செய்து சட்ஜமத்தைக் கண்டுபிடியுங்கள். பாட்டு எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறதோ அதுதான். அடுத்து பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்கள். ராஜாவின் பாட்டில் பேஸ் சும்மா கார்டின் முதல் சுரத்தைத் தட்டிக்கொண்டு இருக்காது, தனியாக ஒரு ராகமே பாடிக்கொண்டிருக்கும். அதை வாயால் பாட முடிந்தால் கார்டில் பாதி தெரிந்துவிட்டது. அதன்பிறகு மேல் தந்திகள். இரண்டே வரிக்கு ஒரு வாரம் ஆகலாம், ஆகட்டும். முடித்தபின் டேப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். சில இடங்களில் டேப்தான் தவறு என்பது தெரியவரும். அன்றிலிருந்து உங்களுக்கு யாரும் டேப் அனுப்பவேண்டியிருக்காது.

கர்நாடகமும் வேண்டும், கார்டும் வேண்டும் என்பவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் ஒரு பொக்கிஷம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: நோட்டுஸ்வர சாகித்தியங்கள். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ 40 கிடைக்கின்றன. எல்லாம் சங்கராபரணச் சுரங்கள், கமகம் கிடையாது, மெட்டு எளிது. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. 1893இல் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டபோது நோட்டுஸ்வரங்களும் அதில் இடம்பெற்றன. தொடக்க நிலைக் கிட்டார்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. சி, எஃப், ஜி மூன்று கார்டில் பெரும்பாலானவை அடங்கும். ஒருவர் மெட்டை வாசிக்கலாம், இன்னொருவர் கார்ட் பிடிக்கலாம், வீட்டில் பாட்டுப் படிக்கும் குழந்தை பாடலாம். எந்த இடத்தில் எஃப், எந்த இடத்தில் ஜி என்று எங்கும் தேடாமல் காதால் முடிவு செய்யுங்கள். இருநூறு வருடம் முன்னால் தமிழ்நாட்டில் இரண்டு இசைகள் சந்தித்துக்கொண்ட இடத்தில் உங்கள் கிட்டாரும் உட்காரும்.

தேர்வு எழுதலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எழுதட்டும். லண்டன் ட்ரினிட்டி கல்லூரி 1870களிலிருந்து இசைத் தேர்வு நடத்துகிறது, ஒழுங்கான பாடத்திட்டம். ஆனால் மதிப்பெண் பங்கீட்டைக் கவனியுங்கள். மொத்தம் 100இல் மூன்று உருப்படிகளுக்கு 66, ஸ்கேல் போன்ற நுட்பப் பகுதிக்கு 14, மீதி 20 பார்த்தவுடன் வாசிப்பது, காதால் கேட்டுச் சொல்வது போன்ற துணைத் தேர்வுகளுக்கு. 60 எடுத்தால் தேர்ச்சி. இதனால் மூன்றே உருப்படியை வருடம் முழுக்க உருப்போட்டு, அந்த 20ஐ விட்டுவிட்டே சான்றிதழ் வாங்கிவிட முடிகிறது. எட்டு கிரேடு தாண்டியும், ஒரு பாட்டைக் கேட்டு கார்ட் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. அந்த 20ஐ யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் கிட்டார் உறையிலேயே இருக்கட்டும். பாடச் சொல்லுங்கள், தாளம் தட்டச் சொல்லுங்கள். பெற்றோர் ‘கிட்டார் கிளாஸுக்குத்தானே அனுப்பினோம்’ என்று கேட்டால் இந்த மடலைக் காட்டுங்கள்.

குரலும் தாளமும் முறையாகக் கற்க இங்கே இடமில்லையா? மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, மிருதங்கம், வயலின், நாகசுரம், தவில், தேவாரம், பரதம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கிறார்கள். 1977இல் தொடங்கிய கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. எஃப்.ஜி. நடேசய்யர் தொடங்கிவைத்த ரசிக ரஞ்சன சபா இருக்கிறது. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியில் இன்றும் கச்சேரி ஒலிபரப்பாகிறது. வானொலிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: பின்னால் ஓட்ட முடியாது. ஒரே தடவை கேட்டதில் எவ்வளவு மனதில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஆலயங்களில் வாசிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். ஞாயிறுதோறும் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் பையன்களும் பெண்களும் இந்த ஊரில் மற்றவர்களைவிட முன்னால் நிற்கிறார்கள். பாடுகிறவர் நினைத்த இடத்தில் சுருதியை ஏற்றுவார், சரணத்தைத் திரும்பப் பாடுவார், இவர்கள் அந்த நொடியே பின்தொடரவேண்டும். பொன்மலையில் ஆங்கிலோ-இந்திய ரயில்வே குடும்பங்களின் கிட்டார்களும் இப்படித்தான் வளர்ந்தன, விருந்திலும் நடனத்திலும் ஆள்களோடு ஆளாக. தனியறையில் ஹெட்போன் மாட்டிப் பழகுகிறவருக்கு இது கிடைக்காது. எந்த மதத்தவரானாலும், பாடுகிற நாலு பேரைத் தேடிப்பிடித்து வாரம் ஒருமுறை அவர்களுக்கு வாசியுங்கள். பஜனை மடமா, கல்லூரிக் குழுவா, மாடிவீட்டு அக்காவின் பாட்டுப் பயிற்சியா என்பதெல்லாம் உங்கள் வசதி.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். ஒன்று, மாவட்ட மைய நூலகத்தில் லெவிட் புத்தகத்தையும் திருச்சி சங்கரனின் நூலையும் வாங்கிவைக்கக் கேட்டு ஆளுக்கொரு விண்ணப்பம் கொடுப்போம். நிறையப் பேர் கேட்டால் வாங்குவார்கள். இரண்டு, மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஸ்ரீரங்கத்தில் ஒரு திண்ணையில் கூடுவோம். கட்டணம் இல்லை, மேடை இல்லை, ஆம்ப் வேண்டாம். புதிதாகத் தொடங்கியவரும் வரலாம், இருபது வருடமாக வாசிப்பவரும் வரலாம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் போதும். முதல் மாதத்துக்கு ‘சந்ததம் பாஹிமாம்’. மெட்டை வாயால் பாடப் பழகிக்கொண்டு வாருங்கள், கிட்டாரில் வரவில்லை என்றாலும் பரவாயில்லை. சி-யில் வாசிப்போம், மூன்று எண்ணிக்கை நடை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துவாருங்கள். மிருதங்கம் தெரிந்த நண்பர் இருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து உங்களில் ஒருவன்